ஆள் இல்லாமல் எழுதிய தீர்ப்பு

1

இந்தக் கதை பொறாமையில் பிறந்தது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாதியில் நீங்களாகக் கண்டுபிடித்தால் எனக்குச் சங்கடம்.

நான் பாடும் சேர்ந்திசைக் குழுவில் என் பக்கத்து நாற்காலி அல்முட்டுடையது. இளவயதில் அவள் இங்கே கார்ல்ஸ்ரூவேயில், ஜெர்மனியின் அரசியல்சாசன நீதிமன்றத்தில், ஒரு நீதிபதிக்கு ஆய்வு உதவியாளராக இருந்தவள். ஒத்திகை இடைவேளையில் பிரெட்ஸல் ரொட்டியைப் பிய்த்துத் தின்றபடி போகிறபோக்கில் சொன்னாள்.

"தீர்ப்பு எழுதி முடிச்சதும் கையெழுத்துப் போட்டுர மாட்டாங்க மலர். எட்டு நீதிபதியும் ஒரு ரூம்ல உக்காந்து முதல் வரியிலேருந்து சத்தமா வாசிப்பாங்க. ஒவ்வொரு வாக்கியத்துக்கும் நிறுத்துவாங்க. யாராவது ஒருத்தர் 'இது சரியில்ல'ன்னா அங்கயே பேசித் திருத்தணும். அப்புறம்தான் அடுத்த வாக்கியம்."

"எவ்வளவு நாள் ஆகும்?"

"ஆகற வரைக்கும் ஆகும்."

எனக்கு வயிறு எரிந்தது. நான் எழுதுவதை வாசித்துக் காட்ட வீட்டில் ஒரே ஒருவர்தான் உண்டு, என் கணவர் வோல்க்கர். அவர் கால்பந்து பார்த்துக்கொண்டே "நல்லாருக்கே" என்பார். ஒரு வாக்கியத்துக்கு எட்டுப் பேர் காது கொடுப்பதும், அது நிற்குமா விழுமா என்று கவலைப்படுவதும் எந்த எழுத்தாளருக்கு வாய்த்திருக்கிறது?

"உள்ள வேற யாரு இருப்பாங்க?"

"யாரும் இல்ல. உதவியாளர் கிடையாது, குறிப்பெடுக்கறவங்க கிடையாது. உள்ள பேசினத வெளிய சொல்லவும் கூடாது."

"உனக்கு ஏதாவது தெரியுமில்ல?"

"தெரியாது. தெரிஞ்சாலும் சொல்ல மாட்டேன். ரெண்டுமே உண்மை. போ, பாட ஆரம்பிக்கப் போறாங்க."

ஒரு கதவு என் முன்னால் சாத்தப்பட்டால் எனக்கு எழுதத் தோன்றும். நான் அப்படித்தான்.

2

முதல் தொடக்கம்: "கார்ல்ஸ்ரூவேயில் அன்று அடைமழை." ஜெர்மனியில் நன்றாக வெயில் காயும் ஊர்களில் இது ஒன்று. நீதிமன்றக் கதை என்றால் மழை பெய்தாக வேண்டும் என்று எவர் சொன்னது? அடித்துவிட்டேன்.

இரண்டாம் தொடக்கம்: "பல நாடுகள் கூடித் தங்களுக்கு மேலே ஓர் அதிகாரத்தை உண்டாக்கினால், அந்த அதிகாரம் எதுவரை போகலாம் என்று முடிவுசெய்யும் உரிமை எவருக்கு என்பது நம் காலத்துச் சட்டவியலின் ஆகப் பெரிய

[இங்கே வோல்க்கர் என் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்து, "இது கதையா, காலேஜ் பாடமா?" என்றார். வாக்கியம் பாதியில் நிற்கிறது. நிற்கட்டும். கேள்வி மட்டும் நல்ல கேள்வி, அதை விடப்போவதில்லை.]

மூன்றாம் தொடக்கம்: "நீதிபதி குண்டுலா ஹெஸ்லர் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார்."

இதை வைத்துக்கொள்கிறேன். இலையுதிர்காலம். கடைகளில் புதுத் திராட்சை மது வந்துவிட்டது. அதற்குத் தொட்டுக்கொள்ள இந்த ஊரில் எல்லா வீட்டிலும் வெங்காயக் கேக் சுடுகிறார்கள். நீதிபதி வீட்டிலும் சுடத்தானே வேண்டும்.

3

வழக்கு நான் உண்டாக்கியது. நிஜத்தில் தேடாதீர்கள்.

நோதார் கொபாலியா ஜார்ஜியாக்காரர். இதே ஊரின் டுர்லாக் பகுதியில் குடியிருக்கிறார். இங்கே டிராம் ஓட்டுகிறார். மனைவி ஹைக்கே ஒரு செடிப் பண்ணையில் வேலை பார்க்கிறார். வாலிபத்தில் நோதார் லாரி ஓட்டியவர். அப்போது அடிக்கடி போய்வந்த தெற்கத்தி நாடு ஒன்றில், சிகரெட் கடத்தல் கும்பலுக்கு வண்டி ஓட்டினார் என்று அவர்மீது வழக்குப் போட்டு, நீண்ட சிறைத் தண்டனையும் விதித்துவிட்டார்கள். (எந்த நாடு என்று சொல்ல மாட்டேன். என் பல் மருத்துவர் அந்த நாட்டுக்காரர், அடுத்த வாரம் அவர் கையில் என் கடைவாய்ப்பல் இருக்கும்.) வழக்கு நடந்ததே நோதாருக்குத் தெரியாது. அழைப்பாணை அவர் எப்போதோ தங்கிக் காலிசெய்துவிட்ட ஒரு விடுதிக்குப் போயிருக்கிறது. பல வருடம் கழித்து, விடுமுறை முடிந்து திரும்பும்போது, விமான நிலையத்தில் கடவுச்சீட்டைப் பார்த்த அதிகாரிதான் அவருக்குத் தீர்ப்பைச் சொன்னார்.*

அந்த நாடு இப்போது ஆளை அனுப்பு என்று பிடியாணை அனுப்பியிருக்கிறது. அனுப்பக் கூடாது என்று நோதார் இங்கே அரசியல்சாசன நீதிமன்றத்தில் மனுப் போட்டிருக்கிறார். ஐரோப்பிய ஒன்றியத்து நாடுகளுக்குள் இப்படி ஓர் ஆணை வந்தால் அனுப்பிவிட வேண்டும். "நீ ஒழுங்காக விசாரித்தாயா?" என்று ஒரு நாடு இன்னொரு நாட்டைக் குடைந்து குடைந்து கேட்கக் கூடாது, நம்ப வேண்டும். லக்சம்பர்க்கில் இருக்கும் ஐரோப்பிய நீதிமன்றம் (என் கதையில்) அதையே சொல்கிறது: அவரவர் தம் வீட்டு நிபந்தனையைச் சேர்க்க ஆரம்பித்தால் பொதுச் சட்டம் என்று ஒன்று மிஞ்சாது. நியாயமான பேச்சுதான்.

கார்ல்ஸ்ரூவே சொல்வதும் நியாயம்தான்: உங்கள்மேல் மரியாதை உண்டு, ஆனால் அந்த அதிகாரம் நாங்கள் கொடுத்தது, கொடுத்த அளவைத் தாண்டுகிறதா என்று பார்க்கும் உரிமையை நாங்கள் கொடுக்கவில்லை. அடுக்குமாடிச் சங்கத்துக்கு மாடிப்படி விளக்கை விட்டுக்கொடுக்கிறோம், சமையலறையை விட்டுக்கொடுப்பதில்லை. நடுவில் இருக்கும் கதவு யாருடையது என்பதில்தான் சண்டை.

சண்டை பெரிய இடத்தில் நடக்கிறது, அனுப்பப்படப்போவது நோதார். அங்கே போனால் நேரே சிறை. மறுபடி விசாரிப்பார்களா? விசாரிக்கலாம், விசாரிக்காமலும் போகலாம் என்கிறது அந்த ஊர்ச் சட்டம்.

* முதல் வரைவில் நோதாரை "அவன்" என்று எழுதியிருந்தேன். தண்டனை வாங்கியவர்களுக்கு நம் பத்திரிகைகள் செய்யும் உபசாரம் அது. வெட்கமாக இருந்தது, மாற்றிவிட்டேன்.

4

குண்டுலா ஹெஸ்லருக்கு இந்த வழக்கின் தீர்ப்பு வரைவை எழுதும் பொறுப்பு. அறுபதைத் தாண்டியவர், தன் வேலையில் முழுத் திருப்தி உள்ளவர். இலக்கியத்தில் திருப்தியான நீதிபதிகள் குறைவு. மனசாட்சி அரிக்க, குடித்துக்கொண்டு, ஜன்னலருகே நிற்பார்கள். இவர் சைக்கிளில் வேலைக்குப் போவார், மதியம் நன்றாகச் சாப்பிடுவார், நல்ல வாதம் ஒன்று கிடைத்தால் அன்றைக்கு முழுதும் முனகிப் பாடுவார். எனக்கு அவரைப் பிடித்திருந்தது. அதனால் உரிமை எடுத்துக்கொண்டேன்.

"நாளைக்கு வாசிப்பு தொடங்குதாமே. நானும் உள்ளே வரட்டுமா?" என்றேன்.

அவர் வெங்காயத்திலிருந்து தலையைத் தூக்கவில்லை. "சமையக்கட்டு வரைக்கும் வந்தீங்க, நான் ஒண்ணும் சொல்லல. அந்த ரூமுக்குள்ள வர முடியாது."

"உங்களை உண்டாக்கினதே நான்."

"பேரு குடுத்தீங்க. சைக்கிள் குடுத்தீங்க. ரொம்ப நன்றி. அதுக்காக எல்லாக் கதவும் உங்களுதா?"

"கதை எழுதறவளுக்கு எல்லா இடத்துக்கும் போக அதிகாரம் உண்டுன்னுதான் எல்லாரும் ஒத்துக்கறாங்க."

"யாரு எல்லாரும்? கதை எழுதறவங்க எல்லாரும்" என்றார். கத்தியை வைத்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "லக்சம்பர்க்கும் இப்படித்தான் சொல்லும். என் எல்லை எதுன்னு நானே பாத்துக்கறேங்கும். நல்லவங்கதான், எனக்கு அங்க சிநேகிதங்க இருக்காங்க. ஆனா தன் எல்லையைத் தானே அளக்கறவங்களுக்கு அது ஒவ்வொரு வருஷமும் கொஞ்சம் தள்ளியே தெரியும்."

"உங்க எல்லையை நீங்களே அளக்கறீங்களே, அது மட்டும்?"

அவர் சிரித்துவிட்டார். "நல்ல கேள்வி. எங்க எட்டுப் பேர்ல திலோன்னு ஒருத்தர், அவரும் அதத்தான் கேக்கறாரு. சரி, ஒண்ணு பண்ணுங்க. ஒரே ஒரு வாக்கியம் வாசிக்கற வரைக்கும் உள்ள நிக்கலாம். வாய் திறக்கக் கூடாது. முடிஞ்சதும் போயிரணும்."

கொடுக்கப்பட்ட அதிகாரம் இவ்வளவுதான். கேக் அடுப்புக்குள் போனது, நான் வீட்டுக்குப் போனேன்.

5

உள்ளே போவதற்கு முன் முடிவுகளைத் தயாராக வைத்துக்கொள்வது என் வழக்கம். மூன்று செய்தேன்.

அ. ஐந்துக்கு மூன்று. நோதாரை அனுப்ப முடியாது. ஹைக்கே நீதிமன்ற வாசலில் அழுகிறார். பத்திரிகைகள் "லக்சம்பர்க்குக்குக் குட்டு" என்று எழுதுகின்றன. நோதார் டிராமுக்குத் திரும்புகிறார்.

ஆ. நாலுக்கு நாலு. சரிசமமாகப் பிரிந்தால் மனு தோற்கும் என்பது அங்கே விதி. நோதார் போகிறார். ஹைக்கே செடிகளுக்கு [இதற்கு மேல் எழுதப் பிடிக்கவில்லை.]

இ. லக்சம்பர்க்கிடம் இன்னொரு முறை பணிவாகக் கேள்வி அனுப்புகிறார்கள். பதில் வரும்வரை எல்லாரும் காத்திருக்கிறார்கள். நிஜவாழ்க்கைக்கு இதுதான் பக்கம், கதைக்கு இது ஆகாது.

அ-வும் ஆ-வும் ஒரே ஆளின் கையில் இருந்தன. திலோ மென்ஸிங்கர், அந்த எட்டுப் பேரில் ஐரோப்பாவை மிகவும் நேசிப்பவர். எல்லைச் சாவடிகளை எடுத்துவிட்ட அன்று நடந்தே பிரான்சுக்குப் போய்க் காப்பி குடித்துவிட்டு வந்தவர். முதல் சுற்று வாக்கெடுப்பில், அனுப்பக் கூடாது என்ற குண்டுலாவின் பக்கம் அரைமனதோடு வந்திருந்தார். அவர்தான் ஐந்தாவது வாக்கு. அவர் நழுவினால் நோதார் போனார்.

அல்முட்டிடம் இந்த இடம்வரை படிக்கக் கொடுத்தேன்.

"நல்லா ஓடுது. ஆனா உன் நீதிபதிகள் ரொம்ப நல்லவங்களா இருக்காங்க."

"நிஜத்துல எப்படி?"

"சொல்ல மாட்டேன்னு சொன்னேனே" என்று காகிதத்தைத் திருப்பித் தந்தாள். "ஆனா ஒண்ணு. கவலையோடதான் படிச்சேன். எதுக்குக் கவலைன்னு யோசிச்சேன். அந்த டிராம் ஓட்டறவரப் பத்தி எனக்குக் கவலை வரல. யாரு ஜெயிக்கப் போறாங்கன்னுதான் இருக்கு."

அவளுக்குச் சங்கீதம் மட்டும்தான் தெரியும் என்று வோல்க்கரிடம் புலம்பினேன்.

6

வாசிப்பின் நான்காம் நாள் உள்ளே விட்டார்கள். நீள மேசை, எட்டுக் காப்பிக் கோப்பைகள், ஒரு தட்டில் குண்டுலாவின் மிச்ச வெங்காயக் கேக். வரைவை அவரே வாசித்துக்கொண்டிருந்தார். எனக்குத் தரப்பட்ட வாக்கியம் இது:

"ஒருவரைப் பற்றி முடிவெடுக்கும் நடைமுறையில் அவர் பேசப்படும் பொருளாக மட்டும் இருக்கக் கூடாது, பேசுகிறவராக இருக்க வேண்டும்."

யாரும் எதுவும் சொல்லவில்லை. இந்த அறையில் அமைதி என்றால் சம்மதம். ஒருவர் காற்புள்ளி வேண்டுமா என்று யோசித்து, வேண்டாம் என்று தலையாட்டினார். குண்டுலா அடுத்த வாக்கியத்துக்குப் போக மூச்சை இழுத்தார். எனக்கு வெளியேறும் நேரம் அது. கதவருகே போய் நின்றுகொண்டேன், போகவில்லை. (ஆம், எல்லை மீறல். பிடிபடும்வரை எல்லாரும் செய்வதுதான்.)

"ஒரு நிமிஷம்" என்றார் திலோ.

"காற்புள்ளியா?"

"இல்ல. வாக்கியம் அழகா இருக்கு. அதான் தொந்தரவு. மறுபடி வாசிங்க."

குண்டுலா வாசித்தார்.

"நாலு நாளா வாசிக்கறோம்" என்றார் திலோ. "லக்சம்பர்க் சொன்னது இருக்கு. நாம முன்னாடி சொன்னது இருக்கு. அந்த நாட்டுச் சட்டம், அரசாங்கத்தோட பதில், பேராசிரியருங்க கருத்து, எல்லாம் இருக்கு. அந்த ஆள் சொன்னதா ஒரு வாக்கியம் எங்கயாவது வந்துச்சா?"

பக்கங்கள் புரளும் சத்தம் கேட்டது. எட்டுப் பேரும் தேடினார்கள். அவர் பெயர்கூட இல்லை, வழக்கப்படி "மனுதாரர்" என்றுதான் இருந்தது. ஒரு மனிதரைக் கேட்காமல் தண்டித்தது தவறு என்று, அந்த மனிதரைக் கேட்காமல், நாலு நாளாக ஒவ்வொரு வாக்கியமாகச் செதுக்கியிருந்தார்கள். இப்படி ஒரு தப்பைச் செய்ய மிகுந்த கவனம் வேண்டும்.

"அவரு குற்றம் செஞ்சாரா இல்லையான்னு பாக்கறது நம்ம வேலை இல்லையே" என்றார் ஒருவர்.

"இல்லதான். அவர வரச்சொல்லுவோம். பொது விசாரணை வெப்போம். அவர் வாயால கேப்போம்."

"வரைவு முடியப்போகுது திலோ."

"முடியட்டும். கேட்டுட்டு முடிப்போம். இங்க பாருங்க, நான் காகிதத்தப் பாத்துத்தான் உங்க பக்கம் வந்தேன். ஆளப் பாத்தா மாறவும் மாறலாம், அத இப்பவே சொல்லிடறேன்."

எல்லாரும் குண்டுலாவைப் பார்த்தார்கள். அவர் கையில் ஐந்து வாக்குகள் இருந்தன. வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், சாயங்காலத்துக்குள் நோதார் தப்பித்துவிடுவார். ஆள் வந்து நின்று ஏதாவது உளறி, திலோ மனம் மாறினால், எல்லாம் போச்சு. எனக்குப் பதறியது. "வேண்டாம்னு சொல்லுங்க" என்று கதவருகிலிருந்து வாயசைத்தேன்.

குண்டுலா என்னைப் பார்த்துவிட்டார்.

"நீங்க இன்னும் போகலையா?" என்றார். பிறகு வரைவை மூடினார். "வரச்சொல்லலாம். திலோ சொல்றது சரி. எனக்கே தோணியிருக்கணும்."

என்னை வெளியே அனுப்பிக் கதவைச் சாத்திவிட்டார்கள்.

7

வீட்டுக்கு வந்ததும் நானும் என் பக்கங்களைப் புரட்டினேன். நீங்களும் வேண்டுமானால் புரட்டிப் பாருங்கள். குண்டுலா பேசியிருக்கிறார். திலோ, அல்முட், வோல்க்கர் எல்லாரும் பேசியிருக்கிறார்கள், என் பல்தான் பேசாத குறை. நோதார் வாயைத் திறக்கவில்லை. மூன்று முடிவு செய்துவைத்தேனே, ஒன்றிலாவது அவரைக் கேட்டேனா?

மறுநாள் அவர் ஓட்டும் டிராமில் ஏறினேன். ஓட்டும்போது பேசக் கூடாது என்று எழுதிப்போட்டிருந்தது. கடைசி நிறுத்தத்தில் இறங்கி, அவர் குடுவையிலிருந்து தேநீர் ஊற்றிக்கொள்ளும்வரை காத்திருந்தேன். தோள் அகன்ற, நிதானமான மனிதர். தீர்ப்பு வரும்வரை வெளியே இருக்க, வாரத்தில் இரண்டு முறை காவல் நிலையத்தில் கையெழுத்துப் போடுகிறவர் மாதிரித் தெரியவில்லை.

"நான்தான் உங்க கதைய எழுதறேன்."

"தெரியும் மேடம். வருவீங்கன்னு பாத்தேன். இவ்வளவு லேட்டா வருவீங்கன்னு நெனைக்கல."

"மன்னிச்சுக்கோங்க. அந்தச் சிகரெட் லாரி, அது நீங்கதானா?"

"நீங்க என்னன்னு எழுதியிருக்கீங்க?"

"இன்னும் எழுதல. நிரபராதின்னு வெச்சுக்கலாம்னு இருந்தேன். படிக்கறவங்களுக்கு அதான் பிடிக்கும்."

அவர் தேநீரை ஆற்றினார். "அங்க இருந்தவங்க என்னைக் கேக்காம குற்றவாளின்னு எழுதினாங்க. நீங்க என்னைக் கேக்காம நிரபராதின்னு எழுதறீங்க. நல்ல மனசுதான், இல்லன்னு சொல்லல. ஆனா ரெண்டுலயும் நான் இல்ல மேடம்."

நான் பேனாவைப் பைக்குள் வைத்தேன்.

"நடந்தத நான் யார்கிட்டயும் முழுசாச் சொன்னதே இல்ல" என்றார். "ஹைக்கேகிட்ட கொஞ்சம் சொல்லியிருக்கேன். வக்கீல் பாதியில நிறுத்தி, இது வழக்குக்குத் தேவையில்லன்னுட்டாரு. அதுல எனக்கு நல்லது பண்ற விஷயமும் இருக்கு, பண்ணாத விஷயமும் இருக்கு. எல்லாத்தையும் சொன்னாத்தான் அது நடந்த மாதிரி இருக்கும்."

"எல்லாத்தையும் சொன்னா உங்கள அனுப்பிட்டாங்கன்னா?"

"போவேன். பயமாத்தான் இருக்கு." மணியைப் பார்த்து, குடுவையை மூடினார். "ஏறுங்க, வண்டி எடுக்கணும். ஹைக்கே எனக்கு ஒரு கோட்டு வாங்கி வெச்சிருக்கா. போடணும்னு ஆசையாவும் இருக்கு."

திரும்பும் வழி முழுக்க ஜன்னலோரம் உட்கார்ந்து வந்தேன். அவர் வளைவுகளில் டிராமை அதிராமல் திருப்பினார். எனக்கு நெடுநாளைக்குப் பிறகு எழுதுவது சந்தோஷமாக இருந்தது.

8

விசாரணை நாள். சுவரெல்லாம் கண்ணாடியான அந்த மண்டபத்தில், வெளியே அரண்மனைத் தோட்டத்து மரங்கள் மஞ்சளாக நிற்கின்றன. எட்டுப் பேரும் சிவப்பு அங்கியில் வரிசையாக வருகிறார்கள், எல்லாரும் எழுந்து நிற்கிறோம். குண்டுலா உட்காரும்போது வரைவை மேசையில் வைக்கவில்லை. திலோ நாற்காலியை முன்னால் இழுத்துப்போட்டுக்கொள்கிறார். ஹைக்கே முதல் வரிசையில், கைகளை மடியில் கோத்துக்கொண்டிருக்கிறார். புதுக் கோட்டு நோதாருக்குத் தோளில் கொஞ்சம் இறுக்கம்.

லக்சம்பர்க் எதுவரை, கார்ல்ஸ்ரூவே எதுவரை என்ற கேள்வி இன்னும் அப்படியே இருக்கிறது. அதற்குப் பெரிய பெரிய பதில்கள் இந்த மண்டபத்தில் இன்று சொல்லப்படும். ஆனால் என் எல்லை எதுவரை என்று எனக்குத் தெரிந்துவிட்டது. இவர் என்ன சொல்வார் என்று நான் எழுதமாட்டேன். எழுதினால் அது மறுபடியும் ஆள் இல்லாமல் எழுதிய தீர்ப்பு. ஆகவே அ, ஆ, இ மூன்றையும் உங்களிடமே தந்துவிடுகிறேன். ஒரு நிபந்தனை உண்டு: அவர் பேசி முடிப்பதற்கு முன்னால் எதையும் எடுக்காதீர்கள்.

"திரு. கொபாலியா, நீங்க பேசலாம்" என்கிறார் நடுவில் இருக்கும் நீதிபதி.

நோதார் எழுந்து நிற்கிறார். எட்டுப் பேரையும் ஒருமுறை பார்க்கிறார். பிறகு, அங்கே யாரும் எதிர்பார்க்காதபடி, திரும்பி உங்களைப் பார்க்கிறார்.

"கொஞ்சம் நீளும்" என்கிறார். "உங்களுக்கு நேரம் இருக்கா?"